பழைய பாக்ஸ்டர் 2.7: முன் பிரேக் டிஸ்க் மாத்தணும், எதை வாங்கலாம்?

எலகங்கா986

2003 போர்ஷே பாக்ஸ்டர், 986 மாடல், 2.7 லிட்டர் இன்ஜின். பவர் கூடின எஸ் கிடையாது. வண்டி பெங்களூர்ல. 80 கிமீ வேகத்துக்கு மேல பிரேக் பிடிச்சா ஸ்டியரிங் உதறுது, மெதுவா போறப்போ ஒண்ணும் தெரியல. முன் டிஸ்க் ஓரத்துல விளிம்பு கட்டியிருக்கு. வெர்னியர்ல அளந்தா ரெண்டு பக்க டிஸ்க்கும் 22.4 மிமீ கனம். டிஸ்க்கைப் பிடிக்கிற பிரேக் பேட் பாதி இருக்கு.

ஜே.சி. ரோடுல லேத்துல கொடுத்துச் சீவினா போதுமா? புதுசுதான்னா, துளை போட்டது வாங்கலாமா? வாரநாள்ல சிட்டி, ஞாயிறு காலைல நந்தி ஹில்ஸ். டிராக் பக்கம் போறதில்ல.

ராஜாஜிநகர்_ஸ்பேனர்

லேத்தை மறந்துடுங்க. புதுசுல கனம் 24 மிமீ. சீவி முடிச்ச பிறகும் 22.6 மிச்சம் இருக்கணும், தேய்மான எல்லை 22. நீங்க ஏற்கெனவே 22.4-ல நிக்கிறீங்க. அதுவும் வெர்னியர்ல! அதோட தாடை அந்த விளிம்பு மேலதான் உக்காரும், அதனால அளவு கூடத்தான் காட்டும். மைக்ரோமீட்டர் வெச்சா இன்னும் குறைவா வரலாம்.

வாங்க வேண்டிய அளவு 298 x 24 மிமீ (விட்டம் x கனம்). கடையில "பாக்ஸ்டர் டிஸ்க்"னு மட்டும் சொன்னா எஸ்-ஓட 318 x 28-ஐ எடுத்துக் கொடுத்துடுவாங்க, அது உங்க காலிப்பர்ல (பேட்டை டிஸ்க் மேல அழுத்துற கவ்வி) நுழையாது. சேஸிஸ் நம்பர் கொடுத்து ஆர்டர் போடுங்க, பெட்டியைப் பிரிச்சு அளந்து பார்த்துட்டுப் பணம் கொடுங்க.

துளை வேண்டாம். 986-ல எஸ்-க்குத்தான் கம்பெனியே துளை போட்டு அனுப்பினாங்க, 2.7-க்குச் சாதா டிஸ்க்தான். மலிவான டிஸ்க்ல வார்ப்புக்கு அப்புறம் சும்மா டிரில் பண்ணி, துளை ஓரத்தைச் சரிக்காமலே விட்டுடுவாங்க. சூடாகி ஆறி சூடாகி ஆறி, அங்கிருந்துதான் விரிசல் ஓடும். போதாக்குறைக்கு வெப்பத்தை வாங்குற இரும்பும் குறையுது. மழையில முதல் கடி கொஞ்சம் நல்லா இருக்கும், அவ்வளவுதான் லாபம். கோடு வெட்டின டிஸ்க்னா சத்தமும் பேட் தேய்மானமும் கூடும். ஸிம்மர்மான், செப்ரோ, பிரெம்போ இதுல எதாவது ஒண்ணுல, பூச்சு போட்ட சாதா டிஸ்க் ஜோடியா வாங்குங்க. பூச்சு இல்லாததுன்னா ஒரு மழைக்காலத்துல நடு மண்டை துருப்பிடிச்சு அசிங்கமாயிடும்.

டயல்கேஜ்

டிஸ்க் விஷயத்துல அவர் சொன்னது சரி. ஆனா புதுசு போட்டும் உதறல் திரும்ப வரலாம், அதையும் பாருங்க. "டிஸ்க் வளைஞ்சிடுச்சு"ன்னு மெக்கானிக் சொல்றது பெரும்பாலும் வளைவே இல்ல. டிஸ்க் மாட்டுற ஹப் முகத்துல துரு இருந்தா டிஸ்க் ஒரு முடி அளவு சாஞ்சு உக்காரும். சுத்துறப்போ ஒரே இடம் பேட்ல உரசி உரசி அங்க மட்டும் கனம் மாறும். 0.02 மிமீ வித்தியாசமே கைக்குத் தெரியும். வளைஞ்ச டிஸ்க்னு தூக்கிப் போட்டதுல பலதுக்கு ஹப்தான் காரணமா இருக்கும்.

பழைய டிஸ்க்கைக் கழட்டினதும் ஹப்பை வயர் பிரஷ்ஷால இரும்பு பளிச்சுனு தெரியற வரைக்கும் தேய்ங்க. டயல் கேஜ் (ஆட்டத்தை அளக்குற முள் மீட்டர்) வெச்சுச் சுத்திப் பாருங்க, ஹப்ல ஆட்டம் 0.05 மிமீ-க்குள்ள இருக்கணும். புது டிஸ்க்கை வீல் போல்ட்டால இறுக்கி மறுபடி பாருங்க. 0.1-ஐத் தாண்டினா டிஸ்க்கை ஒரு போல்ட் துளை தள்ளி மாட்டிப் பாருங்க, சில சமயம் அதுலயே சரியாயிடும். ஹப் முகத்துல கிரீஸ் அப்பாதீங்க.

எலகங்கா986

நன்றி அண்ணா. பாதி இருக்குற பேட்டையே திரும்பப் போடலாமா? கழட்டுறப்போ எதைக் கவனிக்கணும்?

ராஜாஜிநகர்_ஸ்பேனர்

பேட் புதுசுதான். பழைய டிஸ்க்கோட மேடுபள்ளத்துக்குத் தேய்ஞ்சது, புது டிஸ்க்ல ஓரத்துல மட்டும்தான் பிடிக்கும்.

டிஸ்க்கைப் பிடிக்கிற ரெண்டு சின்ன ஸ்டார் ஸ்க்ரூதான் தலைவலி. சாதா ஸ்க்ரூடிரைவர் போட்டா தலை வழுக்கிடும். சுத்தியலால அடிக்கிற இம்பாக்ட் டிரைவர் வாங்குங்க, புது ஸ்க்ரூவும் கையில வெச்சுக்கோங்க. ஹோஸ் பிராக்கெட் போல்ட்டைக் கழட்டினா, பைப்பைத் திறக்காமலே காலிப்பர் வெளிய வரும். கம்பியால கட்டித் தொங்கவிடுங்க, ஹோஸ்ல பாரம் விழக்கூடாது. பிஸ்டனை உள்ள தள்ளுறப்போ முன் பானெட்டுக்குள்ள இருக்குற டேங்க்ல ஃப்ளூயிட் மேல ஏறும், முதல்ல கொஞ்சம் உறிஞ்சி எடுத்துடுங்க. சிந்தினா பெயின்ட் போச்சு.

காலிப்பர் போல்ட் புதுசா, 85 நியூட்டன் மீட்டர். வீல் போல்ட் 130, குறுக்கு வரிசையில, டார்க் ரெஞ்சால. டயர் கடை ஏர் கன்னை மட்டும் கிட்ட விடாதீங்க, ஒண்ணு ஒரு மாதிரி இறுகி டிஸ்க்கை இழுத்துடும். வண்டியை எடுக்குறதுக்கு முன்னாடி பெடல் கெட்டியாகுற வரைக்கும் அமுக்கிடுங்க, முதல் மிதிக்கு அடியிலயே போய்டும்.

டயல்கேஜ்

பெட்டிங், அதாவது புது பேட்டையும் டிஸ்க்கையும் பழக்குறது, விட்டுப் போச்சு. விடியற்காலைல காலியான ரோடு பார்த்து, 100-லேர்ந்து 20 வரைக்கும் எட்டு பத்து தடவை, ஏபிஎஸ் வேலை செய்யாத அளவுக்கு அழுத்திப் பிடிங்க. நடுவுல முழுசா நிறுத்தாதீங்க. முடிஞ்சதும் பத்து நிமிஷம் பிரேக் தொடாம ஓட்டி ஆறவிடுங்க. சூடா இருக்குறப்போ சிக்னல்ல பெடலை மிதிச்சுக்கிட்டே நின்னா பேட் தடம் டிஸ்க்ல அப்படியே ஒட்டும், பழைய உதறல் திரும்பிடும். அதனால டிராஃபிக்குக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க. நந்தியிலேர்ந்து இறங்கி வந்த உடனேயும் இதே கதைதான்.