63 ஸ்ட்ராட்டோகாஸ்டரை இப்படியும் வெட்டுவார்களா? நீங்கள் பார்த்த கோரங்களையும் சொல்லுங்கள்

ஒத்தைக்கம்பி

வணக்கம் மக்களே. நான் இருப்பது டெக்சாஸ், ஆஸ்டினில். இங்கே ஒருவர் தன் மாமனார் வாசித்த 1963 ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலெக்ட்ரிக் கிட்டாரை விற்கிறார். கைபடாத ஒன்றுக்குக் கேட்கும் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஏன் என்று படத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

சன்பர்ஸ்ட் (நடுவில் வெளிர், ஓரத்தில் கருமை) பெயிண்டை மொத்தமாகச் சுரண்டிவிட்டுப் பழுப்பு வார்னிஷ் அடித்திருக்கிறார்கள், வீட்டுக் கதவுக்கு வாங்கியதில் மிச்சம் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். நரம்புகள் உட்காரும் ப்ரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கர், அதாவது நரம்பின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பில் இரட்டைச் சுருள் வகை. முன்பக்கத் தகடான பிக்கார்டில் மூன்று குட்டி ஸ்விட்ச், அதில் ஒன்று எதற்கு என்று விற்பவருக்கே தெரியாது. ஸ்வரத்தை ஆட்டும் பழைய ட்ரெமலோ போய் அந்த இடத்தில் கேலர் ட்ரெமலோ. பின்பக்கம் 9 வோல்ட் பேட்டரி வைக்கக் குழி தோண்டி, அலுமினியத் தகட்டை வெட்டி மூடி போட்டிருக்கிறார்கள், அந்தத் தகடு நேராகக்கூட இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே ஹெட்ஸ்டாக்கில் (கிட்டாரின் தலையில்) ஒரு பித்தளைத் தகடு, அதில் மாமனாரின் இனிஷியல்.

ஏன் ஐயா இப்படி? சொந்தக் காசு போட்டு வாங்கிய கிட்டாரை மனுஷன் எந்த தைரியத்தில் இப்படித் தோண்டுவான்? இரண்டாவது, இதை வாங்கலாமா? அப்படியே நீங்கள் பார்த்த கோரங்களையும் எழுதுங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

பழையவயர்

தைரியமெல்லாம் தேவைப்படவே இல்லை. அவர் அதை வெட்டிய நாளில் அது வெறும் செகண்ட்ஹேண்ட் கிட்டார். 1965 ஜனவரியில் ஃபெண்டரை அமெரிக்க ஒலிபரப்புக் கம்பெனி சிபிஎஸ் வாங்கியது, அதற்கு முன்னால் செய்ததுதான் உசத்தி என்ற பேச்சு ஊரெல்லாம் பரவிய பிறகுதான் விலை ஏறியது. 1974இல் பத்து வருஷப் பழைய ஸ்ட்ராட் என்றால் இன்றைக்கு நம்மிடம் இருக்கும் 2015 மாடல் மாதிரி, அதற்குக் கோயில் கட்டி யாரும் கும்பிடவில்லை.

அப்புறம், தேவையும் இருந்தது. ஸ்ட்ராட்டில் மூன்று பிக்கப், ஆனால் ஸ்விட்சில் மூன்றே நிலை. இரண்டு பிக்கப் சேர்ந்து ஒலிக்க வேண்டுமென்றால் ஸ்விட்சை நடுவாந்திரத்தில் சிக்க வைத்து வாசிப்பார்கள், கை பட்டால் நழுவிவிடும். ஐந்து நிலை ஸ்விட்சை ஃபெண்டரே கொடுத்தது 1977இல்தான். அதுவரை பொறுக்க முடியாதவர்கள் துளை போட்டார்கள். 1972இல் டிமார்சியோவின் சூப்பர் டிஸ்டார்ஷன் வந்தது, தனியாகக் கடையில் வாங்கி மாட்டுகிற பிக்கப். ஆனால் ஸ்ட்ராட்டில் இருக்கும் குழியில் ஹம்பக்கர் உட்காராது. உளியோ, மரத்தைக் குடையும் ரௌட்டர் மெஷினோ, கையில் எது கிடைத்ததோ அது.

பெயிண்டைச் சுரண்டியதற்கு நேரடியாகவே ஆட்களைக் காட்டலாம். 1968இல் பீட்டில்ஸ் குழுவின் லென்னனும் ஹாரிசனும் தங்கள் எபிஃபோன் காசினோ கிட்டார்களின் பெயிண்டை உரித்தார்கள், மரம் மூச்சு விட்டால் ஒலி நன்றாக வரும் என்ற நம்பிக்கை. ஹாரிசன் தன் ஸ்ட்ராட்டுக்கு நேர் எதிராகச் செய்தார். 1967இல் அந்த நீல ஸ்ட்ராட்டின் மேல் கண்ணைப் பறிக்கும் ஒளிர்நிறப் பெயிண்டைத் தானே பூசினார், ஹெட்ஸ்டாக்குக்கு மனைவியின் நெயில் பாலிஷ். சுத்தமான குழந்தைக் கிறுக்கல், எனக்கு மிகவும் பிடிக்கும்.

உங்கள் ஸ்ட்ராட்டைப் பார்த்தால் சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய சினிமா போஸ்டர் மாதிரி வருஷத்தைப் பிரித்துச் சொல்லிவிடலாம். வார்னிஷும் பித்தளையும் எழுபதுகள். பித்தளை போட்டால் சஸ்டெய்ன் (ஒலி நீடிப்பது) கூடும் என்று அப்போது ஒரு பித்து, நட்டு (கழுத்தின் மேல்முனையில் நரம்பைத் தாங்குவது) முதல் ப்ரிட்ஜ் வரை பித்தளைதான். கேலர் எண்பதுகள். பேட்டரி, ஒலியைக் கூட்ட உள்ளே இருக்கும் ப்ரீஆம்ப்புக்கு. மூன்று ஸ்விட்சில் ஒன்று ப்ரீஆம்ப், ஒன்று ஹம்பக்கரில் பாதியை அணைப்பதற்கு, அந்த மர்ம ஸ்விட்ச் பெரும்பாலும் ஃபேஸ் மாற்றுவதற்கு, அதாவது ஒரு பிக்கப்பின் அலையைத் தலைகீழாக்குவதற்கு. இரண்டு பிக்கப்பை ஒன்றாகப் போட்டு அதைத் தட்டிப் பாருங்கள், ஒலி ஒல்லியாகி மூக்கால் பேசினால் அதேதான். வாங்கி ஒரு வாரம் தட்டுவார்கள், பிறகு தொடவே மாட்டார்கள்.

மரத்தூள்

டொரொண்டோவில் கிட்டார் ரிப்பேர் செய்கிறேன், இந்த மாதிரி நோயாளிகள் அடிக்கடி மேசைக்கு வருவார்கள். கோரம் கேட்டீர்களே, சொல்கிறேன். கிப்சன் கம்பெனியின் ஐம்பதுகள் காலத்து லெஸ் பால் ஜூனியர் ஒன்று வந்தது. ஒரே பிக்கப்தான் அதற்கு அழகு. யாரோ நெக் (கழுத்து) பக்கம் இன்னொன்று வைக்க உளியால் தோண்டியிருக்கிறார்கள், தோண்டத் தோண்ட நெக் இணைப்பின் மரமே போய்விட்டது. நெக் ஆடுகிறதே என்று கொண்டுவந்தார்கள், ஆடாமல் என்ன செய்யும்? இன்னொன்று எழுபதுகளின் ஸ்ட்ராட். அந்தக் காலத்துப் பெரிய ஹெட்ஸ்டாக்கை ரம்பத்தால் அறுத்துப் பழைய சின்ன ஹெட்ஸ்டாக்காகக் காட்டப் பார்த்திருந்தார்கள். வளைவு ஒன்றும் சரியாக வரவில்லை.

வாங்குவது பற்றி. படத்தைப் பார்த்து முகம் சுளிக்கிற விஷயங்கள் வேறு, உண்மையிலேயே கெடுதலானவை வேறு. இனிஷியல் தகடு, டியூனிங் கீ ஸ்க்ரூ துளைகள், பிக்கார்ட் ஸ்விட்ச் இதெல்லாம் சும்மா. பிக்கார்டை மாற்றினால் போச்சு. ரௌட்டர் வைத்து எடுத்த மரம்தான் திரும்பி வராது. பெயிண்ட் போனால் விலை பாதி என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லும் கணக்கு, அதற்குமேல் ஒவ்வொரு குழிக்கும் இறங்கும். ஆனால் வாசிக்க வாங்குகிறீர்கள் என்றால் நான் முதலில் பார்ப்பது நெக்கைத்தான். கேலர் போட்டவர் நரம்பைப் பூட்டும் நட்டும் போட்டிருப்பார். சில பூட்டுகளை நெக்கின் பின்பக்கத்திலிருந்து துளைத்து ஸ்க்ரூ முடுக்குவார்கள், நெக்கிலேயே மெல்லிசான இடம் அது. அங்கே விரிசல் இருக்கிறதா என்று விளக்குப் பிடித்துப் பாருங்கள்.

63தானா என்பதையும் பார்க்க வேண்டும். நெக்கைக் கழற்றினால் அடிப்பகுதியில் மையில் குத்திய மாதமும் வருஷமும் இருக்கும். வால்யூம், டோன் பொட்டென்ஷியோமீட்டர்களின் முதுகில் எண் இருக்கும், 304 என்றோ 137 என்றோ தொடங்கினால் அது தயாரித்த கம்பெனி, அதற்கடுத்து வருஷம், கடைசியில் வாரம். பாடிக்கு ஆணித்துளை பாருங்கள். அந்தக் காலத்தில் பெயிண்ட் காயும்வரை பாடி மேசையில் ஒட்டாமல் நிற்பதற்குச் சின்ன ஆணிகள் அடித்து வைப்பார்கள், பிக்கார்டுக்கு அடியில் அந்தத் துளைகள் தெரியும். பெயிண்டைச் சுரண்டினாலும் துளை போகாது.

முக்கியமாக, பழைய கேஸையும் வீட்டுப் பரணையும் தேடச் சொல்லுங்கள். கழற்றிய சாமானைத் தூக்கிப் போட மனசு வராமல் டப்பாவில் போட்டு வைத்திருப்பார்கள். பழைய பிக்கப் மூன்றும் ட்ரெமலோவும் கிடைத்தால் கணக்கே வேறு.

சிவப்புநாப்

எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் எதிர்த்துப் பேசுகிறேன். பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் டேவிட் கில்மோரின் கறுப்பு ஸ்ட்ராட் என்ன, பெட்டியில் தூங்கிய கிட்டாரா? 1969 மாடல், 1970இல் நியூயார்க்கில் வாங்கினார். சன்பர்ஸ்ட்டின் மேலேயே கறுப்பு அடித்தது. நெக் மாறிக்கொண்டே இருந்தது, கொஞ்ச நாள் ஹம்பக்கர் இருந்தது, எக்ஸ்எல்ஆர் (மைக் வயர் வகை) சாக்கெட்டுக்காக விளிம்பில் துளை போட்டு அடைத்தார்கள், எண்பதுகளில் நம் நண்பர் பார்க்கும் அதே கேலர் ட்ரெமலோவுக்காக மரத்தையும் வெட்டினார்கள், பிறகு மரத்துண்டு வைத்து மூடினார்கள். 2019 ஜூனில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 39,75,000 டாலருக்குப் போனது.

அமெரிக்கக் கிட்டாரிஸ்ட் லானி மேக்கின் ஃப்ளையிங் வி, அந்த V வடிவக் கிப்சன், இன்னும் வேடிக்கை. 1958, 59 இரண்டு வருஷத்திலும் கிப்சன் அனுப்பிய ஃப்ளையிங் வி மொத்தம் நூறைத் தொடவில்லை. அவருக்கு அதில் பிக்ஸ்பி வைப்ரட்டோ (ட்ரெமலோ மாதிரிதான்) வேண்டும், ஆனால் பிக்ஸ்பி உட்கார வேண்டிய இடத்தில் மரமே கிடையாது, அங்கேதான் V பிரிகிறது. என்ன செய்தார்கள்? இரண்டு இறக்கைக்கும் நடுவே ஓர் இரும்புக் கம்பியைப் பாலமாகப் போட்டு அதில் மாட்டினார்கள். பார்க்கக் கிணற்று ராட்டினம் மாதிரி இருக்குமோ என்னவோ, கேட்டால் வாயைத் திறக்க மாட்டீர்கள்.

கிட்டாரிஸ்ட் கிளாரன்ஸ் வைட்டின் 1954 ஃபெண்டர் டெலிகாஸ்டரையும் பாருங்கள். இசைக்கலைஞர் ஜீன் பார்சன்ஸோடு சேர்ந்து, கிட்டாரைக் கீழே அழுத்தினால் தோள்வார் நெம்புகோலை இழுத்து பி நரம்பை ஒரு முழு ஸ்வரம் ஏற்றும் கருவியை உள்ளே வைத்தார்கள். அதை மூடப் பின்னால் இன்னொரு பலகை, கிட்டார் தடிமாடு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் பெடல் ஸ்டீலின் (பெடல் மிதித்து ஸ்வரத்தை இழுக்கும் கிட்டார்) இழுப்பு சாதாரண கிட்டாரில் வந்தது அதனால்தான். இன்று அது கன்ட்ரி பாடகர் மார்ட்டி ஸ்டூவர்ட்டிடம் இருக்கிறது, இன்னும் வாசிக்கிறார்.

நம் பக்கத்துக்கே வருகிறேன். யு. ஸ்ரீனிவாஸ் மாண்டலினில் இருந்த ஜோடி நரம்புகளை விட்டுவிட்டு ஐந்து ஒற்றை நரம்புகளில் கர்நாடக சங்கீதம் வாசித்தாரே, இருந்ததை இருந்தபடியே காப்பாற்றியிருந்தால் அந்தக் கமகம் வந்திருக்குமா?

மரத்தூள்

சிவப்புநாப் அண்ணே, நீங்கள் சொன்ன அத்தனையும் சரி, ஆனால் ஜெயித்தவர்கள் பட்டியலை மட்டும் வாசிக்கிறீர்கள். ராக் கிட்டாரிஸ்ட் எடி வான் ஹேலன் தன் குழுவின் முதல் ஆல்பத்தில் வாசித்த ஐபனெஸ் டெஸ்ட்ராயரின் பாடியில் பெரிய துண்டை அறுத்து எடுத்தார், பிறகு பழைய ஒலி வரவில்லை என்று அவரே சொன்னார். அவருக்கே அந்தக் கதி என்றால் ஷெட்டில் உட்கார்ந்து உளி பிடித்த மற்றவர்கள்?

இன்றைக்கும் இது நிற்கவில்லை, பெயர்தான் மரியாதையாகிவிட்டது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் வந்த தங்கநிற லெஸ் பால் கிட்டார்களை எடுத்து, பி-90 (ஒற்றைச் சுருள்) பிக்கப் குழியை ஹம்பக்கருக்காக அகலப்படுத்தி, தங்கத்தைச் சுரண்டி சன்பர்ஸ்ட் அடித்து "கன்வர்ஷன்" என்கிறார்கள். 1958 முதல் 60 வரை வந்த அசல் சன்பர்ஸ்ட் லெஸ் பால் வாங்க வீட்டை விற்க வேண்டும், அதனால் அதற்கு மவுசு. நேர்த்தியாகச் செய்தால் கலை, மாமனார் செய்தால் பாவமா? எனக்கும் அந்த வேலை வருகிறது, முன்பே யாரோ கெடுத்த கிட்டார் என்றால் மட்டும் எடுப்பேன்.

நாலுகட்டை

எரிக் கிளாப்டன் எழுபதுகளில் வாசித்த 1958 கிப்சன் எக்ஸ்ப்ளோரரை விட்டுவிட்டீர்களே. பின்பக்க முனையை யாரோ ரம்பம் போட்டு எடுத்த கிட்டார். பிற்காலத்தில் கிப்சனே அந்த அறுத்த வடிவத்தைக் "கிளாப்டன் கட்" என்று புதிதாகச் செய்து விற்றது. அறுக்கிறவன் யார் என்பதைப் பொறுத்தது எல்லாம் 😄

ஒத்தைக்கம்பி

அருமை, எல்லோருக்கும் நன்றி. விற்பவரிடம் கேட்டேன். பரணில் ஒரு பிஸ்கட் டின் இருந்ததாம்! உள்ளே மூன்று பிக்கப், ட்ரெமலோ, ஒரு பழைய நாப். படம் அனுப்பினார், பிக்கப் வயர்களை ரொம்பக் குட்டையாக வெட்டியிருக்கிறார்கள். டியூனிங் கீ மட்டும் இல்லை. விலையை ஏற்றிவிடுவாரோ என்று பயந்தேன், ஏற்றவில்லை. வாங்கினால் கேலர் குழியை மூடி, சன்பர்ஸ்ட் அடித்துப் பழையபடி ஆக்கலாமா?

மரத்தூள்

பெயிண்ட் வேண்டாம் தம்பி. புதிதாக அடித்தாலும் அது மறுபெயிண்ட்தான், விலை ஏறாது, காசுதான் போகும். கேலர் நன்றாக வேலை செய்தால் அதையும் விட்டுவிடுங்கள். பழைய பிக்கப்களைப் புது பிக்கார்டில் மாட்டுங்கள். ஹம்பக்கர் குழி அடியில் மறைந்துவிடும். வயர் குட்டையானால் துணி உறை போட்ட வயரை ஒட்டி நீட்டலாம், பிக்கப்பின் அடித்தட்டில் மட்டும் சால்டரிங் அயர்னை ரொம்ப நேரம் வைக்காதீர்கள்.

போகும்போது மல்டிமீட்டர் எடுத்துப் போங்கள். அந்தக் காலத்து ஸ்ட்ராட் பிக்கப் 5.5 முதல் 6.5 கிலோ ஓம் வரை காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே சுற்று அறுந்திருக்கிறது, திரும்பச் சுற்றலாம், ஆனால் அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள். நெக்கைக் கழற்ற விடாவிட்டால் வாங்காதீர்கள்.

பழையவயர்

அந்த மர்ம ஸ்விட்ச் என்ன செய்தது என்று மறக்காமல் எழுதுங்கள், நான் ஃபேஸ் என்று சொல்லியிருக்கிறேன். இனிஷியல் தகட்டைக் கழற்றாதீர்கள், அதற்கடியில் துளைதான் இருக்கும்.

ஒத்தைக்கம்பி

சனிக்கிழமை போகிறேன். ஸ்க்ரூடிரைவர் கொண்டுவரலாமா என்று கேட்டேன், "எங்கள் மாமனாரைவிடவா நீங்கள் கழற்றிவிடப் போகிறீர்கள்" என்றார்.