370 இசட்டில் லேசான ஃப்ளைவீல் போட்டவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கமுங்க. என்னிடம் இருப்பது நிஸான் 370 இசட், 3.7 லிட்டர் வி6, மேனுவல் கியர். கோயம்புத்தூர் வண்டி. ஆறாவது கியரில் அழுத்தி மிதித்தால் ஆர்பிஎம் மட்டும் ஏறுகிறது, வேகம் ஏற மாட்டேன் என்கிறது. கிளட்ச் தேய்ந்துவிட்டது, அதில் சந்தேகமில்லை. எப்படியும் கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். அதோடு கம்பெனியின் இரட்டை மாஸ் ஃப்ளைவீலை (எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரம், நடுவில் ஸ்பிரிங் வைத்து இரண்டு பாகமாக இருப்பது) கழற்றிவிட்டு, ஒரே பாகமான லேசான ஒற்றை மாஸ் போடலாமா என்று யோசனை.

பவர் அதிகமாகாது, எஞ்சின் சட்டென்று ஏறி இறங்கும், அவ்வளவுதான். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் அது சுகம். மற்ற நாட்கள்தான் கவலை. இரட்டை மாஸுக்குள் இருக்கும் ஸ்பிரிங் இல்லாமல் போனால், நியூட்ரலில் கியர்பாக்ஸ் கடகடவென்று அடிக்குமாம். கிளட்சை மிதித்தால் நின்றுவிடுமாம். வீட்டில் இருப்பவர்கள் பொறுத்துக்கொள்கிற சத்தமா அது? அவிநாசி ரோடு நெரிசலிலும், வால்பாறை 40 கொண்டை ஊசியிலும் வண்டி அணைந்து அணைந்து போகுமா?

கிளட்சுக்குச் செராமிக் டிஸ்க் வேண்டாம், வெடுக்கென்று பிடிக்கும். ஆர்கானிக்கே போதும். அப்புறம், பெல் ஹவுசிங்குக்குள் (கிளட்சை மூடியிருக்கும் கூடு) இருந்து கிளட்சை விடுவிக்கிற ஸ்லேவ் சிலிண்டர் இந்த மாடலில் ஒழுகுவதற்குப் பேர்போனது. அதையே புதுசாக மாற்றுவதா, வெளியே வைக்கிற கிட்டுக்குப் போவதா?

பம்ப்செட் செய்கிற ஊரில் பேலன்சிங் மெஷினுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஃப்ளைவீலையும் கிளட்ச் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டையும் சேர்த்து மாட்டி, சுற்றவிட்டு டைனமிக் பேலன்ஸ் பார்த்துக் கொடுக்கிறவர்கள் கணபதி, பீளமேடு பக்கம் இருந்தால் சொல்லுங்கண்ணா.