மழை நாளில் போனை எப்படி ஒதுக்கி வைப்பது?

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் இருக்கிறோம். மகனுக்கு மூன்றரை வயது. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து அவனை வாசலுக்குக்கூட விட முடியவில்லை. நாலு மணிக்கே மூட்டம் இறங்கிவிடுகிறது. நான் வேலையிலிருந்து வர ஆறாகும். அதுவரை அத்தைதான் பார்த்துக்கொள்கிறார். அவருக்கு மூட்டு வலி, ஓடிப் பிடிக்க முடியாது. அதனால் போன் கைக்குப் போய்விடுகிறது. அவர்மேல் எனக்கு வருத்தமே இல்லை.

போன வாரம் படப் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். யானைப் படத்தின் மேல் விரலை வைத்து இழுத்து இழுத்துப் பார்த்தான். நகரவில்லை என்றதும் என் முகத்தைப் பார்த்தான். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

இரண்டு முதல் நான்கு வயதுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லியிருக்கிறது. இங்கே மூன்று மணி நேரம் ஓடுகிறது. ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக வருவதை செட்டிங்கில் நிறுத்திவிட்டேன். அதில் கொஞ்சம் பலன் தெரிகிறது. சாப்பாட்டு நேரம்தான் பெரிய பாடு. பாட்டு ஓடினால்தான் வாய் திறக்கிறான், என்ன விழுங்குகிறான் என்றே பார்ப்பதில்லை.

சாப்பாட்டிலிருந்து போனை எடுத்தவர்கள் எப்படி எடுத்தீர்கள்? ஒரேயடியாகவா, கொஞ்சம் கொஞ்சமாகவா? அழுகை எத்தனை நாளில் அடங்கியது? அப்புறம், உட்கார்ந்த இடத்திலிருந்தே அத்தை அவனோடு விளையாட ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். மலையில் இருப்பவர்கள் மழைக்காலத்தை எப்படி ஓட்டுகிறீர்கள் என்றும் எழுதுங்கள்.