இளங்கலையிலேயே ஆய்வு முன்மொழிவு: டெல்டா கல்லூரிகளுக்குத் தேவையா?

கொள்ளிடக்கரை:
டெல்டாவில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். அடுத்த ஆண்டிலிருந்து பி.எஸ்சி. மாணவர்கள் கடைசி வருட ப்ராஜெக்ட்டைத் தொடங்குவதற்கு முன், நான்காம் செமஸ்டரிலேயே மூன்று பக்கத்துக்கு ஒரு புரொபோசல் எழுத வேண்டும் என்று துறையில் கேட்டிருக்கிறேன். என்ன கேள்வி, அதைப் பற்றி ஏற்கெனவே என்ன தெரியும், எதை எப்படி அளப்பது, எவ்வளவு செலவாகும், அவ்வளவுதான். துறையில் பாதிப் பேர் எதிர்க்கிறார்கள். அதனால்தான் இங்கே கருத்துக் கேட்கிறேன்.

வேதாரண்யம் பக்கத்து மாணவி ஒருவர் ‘காவிரி டெல்டாவில் நிலத்தடி நீரின் தரம்’ என்று ஒரு தலைப்போடு வந்தார். எந்த ஊர், எந்த மாதம், மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வருவதற்கு முன்பா பின்பா, ஆழமான போர்வெல்லையும் ஆழம் குறைந்த கைப்பம்பையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் உப்பு கடலால் வந்ததா ஆழத்தால் வந்ததா என்று எப்படிப் பிரிப்பாய் என்று கேட்டுக்கொண்டே போனோம். திருத்தித் திருத்திக் கடைசியில் அவர் எழுதிக் கொண்டுவந்தது: ஏறக்குறைய ஒரே ஆழமுள்ள கைப்பம்புகளில், கடற்கரையை விட்டு உள்ளே போகப்போக மின்கடத்துத்திறன், அதாவது தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று காட்டும் அளவு, குறைகிறதா? இதை அளக்க எங்களிடம் இருக்கும் ஈ.சி. மீட்டர் போதும். குறையவில்லை என்று வந்தாலும் அது ஒரு முடிவுதான். கையில் இருக்கும் கருவியால் பதில் கிடைக்கும் அளவுக்கு ஒரு கேள்வியைச் சுருக்கத் தெரிவது பிஎச்.டி. சேர்ந்த பிறகுதான் வரவேண்டுமா?

வெண்ணாறு:
சார், நானும் டெல்டாவில் பி.எஸ்சி. படித்துவிட்டு இப்போது உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன். உங்கள் மாணவி கொடுத்து வைத்தவர், ஆனால் எல்லாருக்கும் நீங்கள் கிடைக்க மாட்டீர்கள். நம் பிள்ளைகளுக்கு மேலே போக இருக்கும் வாசல் எம்.எஸ்சி.க்கு ஜாம், எம்.டெக். மாதிரி மேல்படிப்புக்குக் கேட், பிஎச்.டி.க்குச் சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேர்வுகள்தான். இந்தப் பரீட்சைகளில் எதிலும் புரொபோசல் எழுதச் சொல்வதில்லை. நெட்டில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், முதல் தலைமுறையாகப் படிக்கிற வீட்டில் அது எவ்வளவு பெரிய பணம் என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரத்தை எடுத்து, வாங்க முடியாத கெமிக்கலுக்குப் பட்ஜெட் போடச் சொல்வது அநியாயம். கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன் எந்தப் புரொபோசல் எழுதினார்?

அரசலாறு:
வெண்ணாறு அண்ணா, ராமானுஜனை நீங்களே இழுத்ததால் சொல்கிறேன். அந்தக் காலத்துக் கல்லூரிப் பரீட்சையான எஃப்.ஏ.வில் தேறாதவர் அவர். பரீட்சை மட்டும்தான் வாசல் என்றால் அவர் வெளியிலேயே நின்றிருப்பார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், தான் துறைமுக அலுவலகத்தில் ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளம் வாங்கும் கிளார்க் என்பதையும், எதைப் பற்றி யோசிக்கிறேன், எதுவரை வந்திருக்கிறேன் என்பதையும் எழுதித்தான் அவர் அறிமுகமானார். அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தபோது மூன்று மாதத்துக்கு ஒரு அறிக்கை தரவேண்டும் என்றுதான் கொடுத்தது. முன்பின் தெரியாதவருக்குத் தன் வேலையை எழுதிப் புரியவைக்கிற அவசியம் அவருக்கும் இருந்தது.

நான் திருவாரூர்ப் பக்கம், இப்போது வெளி மாநிலத்தில் பிஎச்.டி. செய்கிறேன். நெட் உள்ளே விடும், அது உண்மை. உள்ளே போன முதல் வருடமே ஆய்வுக் குழுவின் முன் நின்று உன் கேள்வி என்ன, இது சரியாக வரவில்லை என்றால் அடுத்து என்ன செய்வாய் என்று கேட்பார்கள். கோடையில் எங்கேயாவது லேபில் இருந்து வந்தவர்கள் சாதாரணமாகப் பதில் சொன்னார்கள். எனக்கு ரெக்கார்ட் நோட்டில் கண்ட செய்முறையைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை, ஏனென்றால் எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. அறிவியல் அகாடமிகளின் கோடைக்கால ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பித்தாலே என்ன செய்ய விரும்புகிறாய் என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும். அமெரிக்காவில் என்.எஸ்.எஃப். என்ற அரசு அறிவியல் நிதி அமைப்பு தரும் ஆய்வு உதவித்தொகைக்கு இளங்கலை கடைசி வருடத்திலேயே இரண்டு பக்க ஆய்வுத் திட்டத்தோடு விண்ணப்பிக்கிறார்கள். நம் பிள்ளைகள் அவர்களோடுதான் போட்டி போடப் போகிறார்கள்.

தலைஞாயிறு விவசாயி:
நான் படித்தது பிளஸ் டூ வரைதான், ஆனால் உங்கள் பிள்ளைகள் ஆய்வுக்கு வருவது எங்கள் வயலுக்குத்தான். வருடா வருடம் கேள்வித்தாள் கொண்டுவந்து எத்தனை மா நிலம், என்ன உரம், என்ன பூச்சி என்று கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்கள், போனவர்கள் திரும்பி வந்ததே இல்லை. எங்களுக்கு வேண்டிய கேள்வி நிறைய இருக்கிறது. குறுவை அறுப்பு மழையில் மாட்டிக்கொள்கிறது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம்தான் அனுமதி, 2022-ல் தளர்த்தி 19 வரை எடுத்தார்கள். தார்ரோட்டில் கொட்டினால் எவ்வளவு நேரத்தில் ஈரம் இறங்கும், களத்தில் தார்ப்பாய் மேல் கொட்டினால் எவ்வளவு, எதில் அரிசி உடைகிறது, இதை யாராவது அளந்து சொன்னால் பிரயோஜனம். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் புது ரகம் பார்க்கும்போது பக்கத்திலேயே பழைய ரகத்தையும் நட்டு ஒப்பிடுகிறார்கள். அப்படி ஒப்பிட்டுச் சொல்லட்டும். முடிவை யாரிடம், எப்போது வந்து சொல்வேன் என்பதையும் அந்த மூன்று பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள் ஐயா.

கொள்ளிடக்கரை:
ஐயா, அதைக் கட்டாயம் சேர்க்கிறேன். ஈரப்பதக் கேள்வி ரொம்ப நல்ல கேள்வி. ஒரு ஈரப்பத மீட்டர், இரண்டு இடம், ஒரே வயலின் நெல், ஒவ்வொன்றும் மூன்று தடவை. இளங்கலை மாணவர்களால் முடிகிற வேலை.

வெண்ணாறு:
தங்கை சொன்னதை மறுக்கவில்லை. அப்புறம் சார், யார் படிப்பார்கள் என்பதுதான் என் கேள்வி. ஒரு வகுப்பில் அறுபது பேர் இருந்தால் மூன்று பக்கம் வீதம் 180 பக்கம். பாதி வேலை கௌரவ விரிவுரையாளர்கள் தலையில் விழும், அவர்கள் சம்பளம் உங்களுக்குத் தெரியாததா? யாரும் படிக்காத தாள் ஜெராக்ஸ் கடைக்குத்தான் போகும். ரெடிமேட் ப்ராஜெக்ட்டை ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுக்கிற கடைகள் நம் ஊரில் இல்லையா? இப்போது அதுகூட வேண்டாம், சாட்ஜிபிடியிடம் கேட்டால் உட்கார்ந்த இடத்திலேயே எழுதிக் கொடுத்துவிடும். புரொபோசலையும் ஆங்கிலத்தில்தான் எழுதச் சொல்வீர்கள். தமிழ் வழியில் படித்துவந்த பிள்ளை தன் கேள்வியை விட்டுவிட்டு இலக்கணத்தோடு மல்லுக்கட்டும்.

அரசலாறு:
முதல் வரைவைத் தமிழில் எழுதவிடலாமே. என் கைடு வேற்று மொழிக்காரர், அவரும் முதலில் உன் மொழியில் யோசித்து எழுது என்றுதான் சொல்வார்.

கொள்ளிடக்கரை:
தமிழில் எழுதட்டும், எனக்கு மறுப்பே இல்லை. நான்கு பேருக்கு ஒரு புரொபோசல் என்றால் அறுபது பேருக்குப் பதினைந்துதான். மதிப்பெண் முதல் தாளுக்குக் கிடையாது. ஒவ்வொரு குழுவையும் கூப்பிட்டு நேரில் கேள்வி கேட்பேன், கேள்விக்குப் பிறகு என்ன மாற்றினார்கள் என்பதற்குத்தான் மதிப்பெண். சாட்ஜிபிடி எழுதிய தாளோடு வருகிறவர் ‘ஏன் மூன்று தடவை அளக்கிறாய், ஒரு தடவை போதாதா’ என்று கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். லேபில் வேலை செய்கிற கருவிகளின் பட்டியலை முதலிலேயே ஒட்டிவிடுகிறேன், அதில் இல்லாததை வைத்துத் திட்டம் போடக்கூடாது. வாங்க முடியாத கெமிக்கலுக்குப் பட்ஜெட் போடும் பிரச்சினை அதோடு போய்விடும்.

வெண்ணாறு:
பட்டியல் ஒட்டுவது நல்ல யோசனை. அப்படியென்றால் பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும் வையுங்கள். ஜாமுக்குப் படிக்கிறவனை விட்டுவிடுங்கள்.

கொள்ளிடக்கரை:
தம்பி, அதை மட்டும் செய்ய மாட்டேன். விருப்பம் என்று வைத்தால் ஏற்கெனவே ஆங்கிலம் வருகிற, வீட்டில் படித்தவர்கள் இருக்கிற நாலு பேர்தான் கை தூக்குவார்கள். அந்த வேதாரண்யம் மாணவி தானாகக் கை தூக்கியிருக்க மாட்டார். ஜாமுக்குப் படிக்கிறவர்களுக்காக நேரில் கேள்வி கேட்பதைப் அவர்களுக்கு வசதியான நாளுக்குத் தள்ளிவைக்கிறேன், அந்த அளவுக்கு விட்டுக்கொடுக்கலாம். கருவிப் பட்டியலை இந்த வாரம் தயார் செய்து இங்கேயே போடுகிறேன், உங்கள் லேப் அனுபவத்தில் எதை வைத்து என்ன கேள்வி கேட்கலாம் என்று பார்த்துச் சொல்லுங்கள்.