ஏற்றுமதி அலுவலகத்துக்கு ஆறு கணினிகள்: எல்லாம் ஒரே மாதிரி வாங்க வேண்டுமா?

கேள்வி: கரூர் ஏற்றுமதியாளர்

வணக்கம். படுக்கை விரிப்பு, திரைச்சீலை முதலியவற்றைத் தைத்து ஏற்றுமதி செய்யும் சிறிய நிறுவனம் எங்களுடையது. அலுவலகத்திலுள்ள ஆறு கணினிகளும் இன்டெல் நான்காம் தலைமுறை ஐ3 செயலியும் 4 ஜிபி ரேமும் கொண்டவை. விண்டோஸ் 10 இல் ஓடுகின்றன. இரண்டில் டேலி பிரைம் கணக்கு மென்பொருள், மூன்றில் மின்னஞ்சல், எக்செல், ஏற்றுமதி ஆவணங்கள், ஒன்றில் வடிவமைப்புக்கான கோரல்டிராவும் போட்டோஷாப்பும் பயன்படுகின்றன. எஸ்.எஸ்.டி. (வேகமான சேமிப்பகம்) மாட்டி ரேமைக் கூட்டினால் இன்னும் இரண்டு ஆண்டுகள் தாங்கும் என்கிறார் வழக்கமாகப் பழுது பார்ப்பவர். விற்பனையாளர் ஒருவரோ ஆறுக்கும் ‘ஐ5’ என்று மட்டும் எழுதி விலைப்புள்ளி கொடுத்திருக்கிறார். வரி உட்பட மூன்றரை லட்சத்துக்கு மேல் செலவிட இயலாது. கீழ்த்தளம் தையல் கூடம் என்பதால் பஞ்சுத் தூசி மாடி வரை வருகிறது என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

மறுமொழி 1: கோவை, வன்பொருள் பராமரிப்பு

எஸ்.எஸ்.டி. மாட்டினால் வேகம் கூடும் என்பது உண்மையே. ஆனால் விண்டோஸ் 10 க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டன. விண்டோஸ் 11 க்கு டி.பி.எம். 2.0 எனும் பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் தேவை. உங்கள் நான்காம் தலைமுறைக் கணினிகளிலும் அதைக் குறுக்கு வழியில் நிறுவித் தருவோர் உண்டு. வங்கிக் கணக்கும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனும் புழங்கும் கணினியில் அதை நான் செய்து தருவதில்லை.

‘ஐ5’ என்று மட்டும் எழுதிய விலைப்புள்ளியை ஏற்காதீர்கள். ஆறாம் தலைமுறையும் ஐ5 தான், பன்னிரண்டாம் தலைமுறையும் ஐ5 தான். செயலியின் முழு எண், ரேம், விண்டோஸ் உரிமம், வீட்டுக்கே வந்து பழுது நீக்கும் உத்தரவாதம் எத்தனை ஆண்டு ஆகிய அனைத்தையும் எழுத்தில் கேளுங்கள்.

ஆறும் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை. டேலிக்கும் ஆவணங்களுக்கும் பன்னிரண்டாம் தலைமுறை ஐ3, 512 ஜிபி எஸ்.எஸ்.டி. தாராளம். ரேமை மட்டும் 16 ஜிபி ஒரே அட்டையாக வாங்கினால் இன்னொரு இடம் பின்னாளுக்குக் காலியாக இருக்கும். மிச்சமாகும் பணத்தை வடிவமைப்பாளரின் கணினிக்குத் திருப்புங்கள். அதற்கு 32 ஜிபி ரேமும், எஸ்.ஆர்.ஜி.பி. எனும் பொதுத்தர நிறவெளியை ஏறக்குறைய முழுமையாகக் காட்டும் கோணம் மாறினாலும் நிறம் அதிகம் மாறாத ஐ.பி.எஸ். வகைத் திரையும் அவசியம். மலிவான டி.என். வகைத் திரையில் நாற்காலியைச் சற்றே நகர்த்தினாலும் மெரூன் வேறு நிறமாகத் தெரியும். இறுதி ஒப்புதல் எப்படியும் லேப் டிப் எனும் சாயமிட்ட மாதிரித் துணியில்தான் என்றாலும், வாங்குபவருக்கு அனுப்பும் முதல் படமே தவறாகப் போகக்கூடாது அல்லவா?

மேசை இடம் மிச்சமாகிறதென்று கையளவுக் கணினிப் பெட்டிகளை வாங்க வேண்டாம். அவற்றின் நுண்ணிய காற்றுத் துளைகளைப் பஞ்சு விரைவில் அடைத்துவிடும். பக்கத் தகடு கழலும் டவர் என்றால் மாதம் ஒருமுறை புளோயரால் ஊதிவிடலாம். தரையில் மட்டும் வைக்காதீர்கள்.

மறுமொழி 2: சென்னை, சரக்கு முகவர் அலுவலகம்

ஆவணப் பணிக்கான மூன்று கணினிகளைப் புதிதாக வாங்க வேண்டுமா என்று யோசியுங்கள். மென்பொருள் நிறுவனங்கள் குத்தகை முடிந்து கழிக்கும் தரமான கணினிகள் சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் கிடைக்கின்றன. எங்கள் அலுவலகத்தில் ஓடுபவை ஐ5-8500 (எட்டாம் தலைமுறை) வகை. கடையிலேயே ‘tpm.msc’ கட்டளையை இயக்கிப் பதிப்பு 2.0 என்று வருகிறதா எனவும், பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அடிப்படை அமைப்பில்) பழைய நிறுவனத்தின் கடவுச்சொல் கிடக்கிறதா எனவும் பார்த்து வாங்கவும். ஏழாம் தலைமுறையை மலிவு என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

மறுமொழி 3: திருப்பூர், கணக்காளர்

கணினிக்கான 18 சதவீத ஜி.எஸ்.டி.க்கு உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய வரியை, நீங்கள் கட்டவேண்டிய வரியில் கழிப்பது) உண்டு. விலைப்பட்டியலில் உங்கள் ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும். அந்த வரித் தொகையைச் சொத்து மதிப்பில் சேர்த்துத் தேய்மானமும் கோரினால் வரவு போய்விடும். எல்.யு.டி. (உறுதிமொழிக் கடிதம்) கொடுத்து வரி கட்டாமல் ஏற்றுமதி செய்பவராயின் ஒன்றைக் கவனியுங்கள்: கணினி போன்ற மூலதனப் பொருளுக்கான வரவு, ஜி.எஸ்.டி. விதி 89(4) இன்படியான ரீஃபண்ட் கணக்கில் வராது. உள்நாட்டு விற்பனை வரிக்கு அதைக் கழித்துக்கொள்ளலாம், அல்லது சில ஏற்றுமதிகளை ஐ.ஜி.எஸ்.டி. (ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி.) செலுத்திச் செய்து, அந்த வழியில் பணமாகத் திரும்பப் பெறலாம். வருமான வரிக் கணக்கில் தேய்மானம் 40 சதவீதம். வாங்கிய நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அதில் பாதிதான்.

கேட்டவர்

மிக்க நன்றி. ஆவணக் கணினிகளைச் சென்னையில் பார்க்கிறோம். டேலி தரவு இருக்கும் கணினிக்குத் தனியாக ஏதேனும் வேண்டுமா? இரவில் வீட்டிலிருந்தும் கணக்குப் பார்க்க விரும்புகிறேன்.

மறுமொழி 1: கோவை, வன்பொருள் பராமரிப்பு

அந்த ஒரு கணினிக்கு மட்டும் விண்டோஸ் புரோ வாங்குங்கள். ஹோம் பதிப்புள்ள கணினிக்குள் ரிமோட் டெஸ்க்டாப் (தொலைவிலிருந்து இயக்கும் வசதி) வழியாக நுழைய இயலாது. நுழைவதையும் வி.பி.என். (பாதுகாக்கப்பட்ட தனி இணைப்பு) மூலமே செய்யுங்கள். இரு டேலி கணினிகளையும் வைஃபையில் விடாமல் கேபிளில் இணையுங்கள். தரவு பதிவாகும்போது இணைப்பு அறுந்தால் அது கெடக்கூடும். யு.பி.எஸ்.ஸில் லேசர் பிரின்டரைச் செருகவே கூடாது.

காப்புப் பிரதியை வெளி டிஸ்க்கில் எடுத்தவுடன் கழற்றிவிட வேண்டும். செருகியபடியே கிடந்தால், ரேன்சம்வேர் (தரவைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல்) புகும் நாளில் அதுவும் சேர்ந்து பூட்டப்படும். பழைய ஆறு கணினிகளையும் மாற்றுக்குக் கொடுக்குமுன் உங்கள் தரவு இருக்கும் ஹார்டு டிஸ்க்குகளைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கென்று கடைக்காரர் விலையில் பெரிதாக எதையும் குறைக்கமாட்டார்.