தாத்தாவின் சதாபிஷேக மலர் – குடும்பக் குழு

[காலை 9:12] சுப்புலட்சுமி அத்தை: மலரின் 5ஆம் பக்கத்தைப் பார்த்தேன். வம்சாவளிப் படத்தில் என் பெயர் மூன்று வரியாக உடைந்து கிடக்கிறது. சுப்பு, லட்சு, மி. அப்பாவுக்கு நான் ஒரே மகள்தான், மூன்று பேர் இல்லை.

[9:20] சித்தப்பா: என்ன செய்வது அக்கா? ஏ4 தாளின் அகலமே 210 மில்லிமீட்டர். கொள்ளுப்பேரப்பிள்ளைகள் மட்டும் 16 பேர். எழுத்தை இன்னும் சிறிதாக்கினால் அப்பாவுக்குப் பூதக்கண்ணாடியும் வாங்க வேண்டும்.

[9:24] தீபா: அந்தப் பக்கத்தை மட்டும் படுக்கவைத்துவிடுங்கள் சித்தப்பா. 297 மில்லிமீட்டர் கிடைக்கும்.

[9:26] சித்தப்பா: நேற்று இரவே செய்தேன். லேண்ட்ஸ்கேப் கொடுத்ததும் 24 பக்கமும் படுத்துவிட்டன.

[9:33] தீபா: வேர்டுக்குப் பக்கம் கணக்கில்லை, பகுதி, அதாவது செக்‌ஷன்தான் கணக்கு. உங்கள் மலர் முழுவதும் ஒரே செக்‌ஷன். 4ஆம் பக்கத்தின் கடைசியில் கர்சரை வைத்து, லேஅவுட்டில் பிரேக்ஸ், அதில் நெக்ஸ்ட் பேஜ். படம் முடியும் இடத்திலும் அதே போல் ஒன்று. பிறகு படத்தில் கர்சரை வைத்துக்கொண்டு லேண்ட்ஸ்கேப் கொடுங்கள்.

[10:05] சித்தப்பா: படம் மட்டும் படுத்தது! மற்றவை நிற்கின்றன.

[10:11] சித்தப்பா: போயிற்று. அப்பாவின் பள்ளிக்கூடக் கதையும் கல்யாணக் கதையும் படுத்துக்கொண்டன.

[10:12] தீபா: எதையாவது அழித்தீர்களா?

[10:14] சித்தப்பா: 4ஆம் பக்கத்துக் கடைசியில் ஒரு புள்ளிக்கோடு அசிங்கமாகத் தெரிந்தது. துடைத்துவிட்டேன்.

[10:15] கதிர்: எங்கள் அப்பாவுக்கு எதையும் துடைக்காமல் இருக்க முடியாது.

[10:17] தீபா: அந்தக் கோடுதான் பிரேக், சித்தப்பா. ஒரு செக்‌ஷன் நிற்பதா படுப்பதா என்பது அதன் முடிவில் உள்ள கோட்டுக்குள்தான் பதிவாகியிருக்கிறது. கோடு போனால், அதற்கு முன்னால் உள்ளதெல்லாம் அடுத்த செக்‌ஷனின் வடிவத்துக்குப் போய்விடும். கன்ட்ரோல் இசட் கொடுங்கள், அழித்தது திரும்பி வரும். கோடு அச்சில் வராது.

[10:31] கதிர்: சரியாகிவிட்டது. ஆனால் 5ஆம் பக்கத்தில் பக்க எண் நடுவில் இல்லை, இடப்பக்கம் ஒதுங்கி நிற்கிறது.

[10:36] தீபா: டேப் தட்டி நடுவில் வைத்திருப்பீர்கள். டேப் பழைய அகலத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். படத்தின் ஃபுட்டரிலும் (பக்கத்தின் அடிப்பகுதி) அடுத்த செக்‌ஷனின் ஃபுட்டரிலும் லிங்க் டு பிரீவியஸை, அதாவது முந்தைய பகுதியோடு உள்ள இணைப்பை, எடுத்துவிட்டு, 5ஆம் பக்கத்தில் டேப்பை நீக்கி சென்டர் கொடு.

[10:40] அத்தை: புத்தகத்தைத் திருப்பித்தான் படிக்க வேண்டுமா?

[10:43] கதிர்: ஆமாம் அத்தை, ஒரே ஒரு முறை. ஒருபக்க அச்சு என்பதால் படத்தின் தலைப்பகுதி ஸ்பைரல் ஓரத்துக்கு வரும். பெரிய தாத்தா பெயரில் ஓட்டை விழாமல் இருக்க மேல் மார்ஜினைக் கூட்டிவிட்டேன்.

[11:02] சித்தப்பா: பிடிஎஃப் அனுப்பியிருக்கிறேன். வேர்ட் கோப்பை யாரும் போனில் திறந்து எதையும் தொட வேண்டாம்.

[11:09] அத்தை: பார்த்தேன். என் பெயர் ஒரே வரியில் இருக்கிறது. “சுபுலட்சுமி” என்று இருக்கிறது.