ஹீட்டர் காயில் ஒழுகுது: டேஷ்போர்டைக் கழற்றாமல் மாற்ற முடியுமா?

வணக்கம். ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் ஓடும் டீசல் கார். முன்சீட்டுக் கார்பெட் நனைகிறது. உள்ளே இனிப்பு வாடை, கண்ணாடியில் பிசுபிசுப்புப் படலம். ஏசித் தண்ணீர் இல்லை, எஞ்சினைக் குளிர்விக்கும் பச்சைக் கூலன்ட்தான்; அதன் சூட்டில் உள்ளே வெப்பக் காற்று தரும் ஹீட்டர் காயில் ஒழுகுகிறது. ரிசர்வ் டேங்கில் வாரம் அரை லிட்டர் குறைகிறது.

முன்பு போர்த் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டி. கரையோர உப்புத் தண்ணீர் அலுமினியத்தை ஊசி ஊசியாய்த் துளைத்துவிடும். ஒழுகலை அடைக்கும் பவுடர் யோசனை வேண்டாம். ரேடியேட்டரையும் சேர்த்து அடைக்கும்.

இப்போதைக்கு ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகடு) இருக்கும் இரண்டு ஹீட்டர் ஓஸையும் யூ வடிவ ஓஸால் இணைத்தாச்சு. தனித்தனியாக அடைக்கவில்லை, சில எஞ்சின்களில் அந்த ஓட்டம் நின்றால் தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) சரியாகத் திறக்காது. இந்த வெயிலுக்கு ஹீட்டர் எதற்கு என்பீர்கள். கொடைக்கானல் மழையில் கண்ணாடி தெளிய அதுதான் வேண்டும்.

கேள்வி இதுதான்: ஆக்சிலரேட்டர் பெடல் பக்கத்து மூடியைக் கழற்றி, பைப் கிளாம்பை எடுத்து, காயிலைப் பக்கவாட்டில் உருவியவர்கள் உண்டா? ஹீட்டரும் ஏசியும் சேர்ந்த முழுப் பெட்டியையும் இறக்கினால் ஏசி வாயுவையும் எடுக்க வேண்டிவரும். அது வீட்டில் ஆகாது. பைப் முனை ஓ-ரிங் இரண்டும் புதிது போடுவோம். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி. ஆனால் ஹீட்டர் லைனில் நிற்கும் காற்றை எப்படி எடுத்தீர்கள்? ராமநாதபுரம், மதுரையில் காயில் எங்கே கிடைக்கும்?